டிரைவிங் ஸ்கூல் வண்டி

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும், சீடன் இளம்பிள்ளையாக இருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. உடுமலையில், தாராபுரம் ரோட்டில் இருக்கிற கார் பட்டறையில் குருவுக்கு முப்பத்தெட்டு வயது, பெயர் கோகிலவாணி. சீடருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் பெயர் சென்னியப்பன்.

சென்னியப்பன் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். முழங்கால் மக்கர் பண்ணியதும் வேலையை விட்டுவிட்டார். காலமெல்லாம் பின்னால் நின்று இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்த மனுஷன். ஒருநாளாவது அந்த மூடியைத் திறந்து உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. ஒரு காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன வேலை தெரியும்ங்ணா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"டிக்கெட் கிழிக்கத் தெரியும்ங்க அம்மணி. அப்புறம் சத்தம் கேக்கத் தெரியும்."

"சத்தம் கேக்கத் தெரியும்னா வாங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

வந்த முதல் வாரமே ஒரு கார் வந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் அடங்காமல் ரேஸ் ஆகிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் எங்கோ பார்த்துவைத்த ஞாபகத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில், வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று வைக்கிற ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைத் திருப்பினார். சத்தம் சட்டென்று குறைந்தது. அவர் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தார்.

கோகிலவாணிக்கு வந்ததே கோபம்.

"காய்ச்சல்காரன் வாயில இருந்து தெர்மாமீட்டரப் புடுங்கிட்டா காய்ச்சல் போயிருமாங்ணா? எதுனால ரேஸ் ஆகுதுன்னு தெரியாம அந்த ஸ்க்ரூவத் தொடவே கூடாது."

அன்று உண்மையான கோளாறு ஒரு ரப்பர் குழாயில் இருந்தது. குழாய் வெடித்துக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கச் சென்னியப்பனுக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே ஞாபகம் வைத்துக்கொண்டார்.

அதன்பின் ஒரு வருஷம் ஓடிவிட்டது. சென்னியப்பன் மனசில் ஒரே ஒரு குறை. அம்மணி சொல்லித் தருவதில்லை. வண்டியைக் காட்டுவாள், "பாருங்ணா" என்பாள், அவ்வளவுதான். இவர் தடுமாற ஆரம்பித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போய்விடுவாள். இவர் இங்கே வேர்த்து விறுவிறுத்து நிற்பார். அவள் அங்கே டீத் தம்ளரோடு இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மனுஷனுக்குக் கடுப்பு வராதா? வந்தது. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்தது.

அந்தச் சமயம் பார்த்து மச்சினன் போன் பண்ணினான். அவன் வேலை செய்யும் ஜவுளிக்கடையில் ஓர் ஆள் தேவையாம்.

"வாசல்ல சேர் போட்டு உக்காந்துக்கலாம் மாமா. வர்றவங்களுக்கு வணக்கம் சொன்னாப் போதும். எதுக்கு இந்த வயசுல ஒரு பொம்பளகிட்டப் பேச்சு வாங்கி, கிரீஸ்ல கெடந்து உருள்றீங்க? சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க, இல்லீன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

பேச்சு வாங்கினால்கூடப் பரவாயில்லை, பேச்சே இல்லையே என்பதுதான் சென்னியப்பனின் துக்கம். இன்று வரும் வண்டியிலும் அம்மணி டீக்கடைக்குப் போனால், நாளையிலிருந்து ஜவுளிக்கடைதான் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

அன்று வந்தது ஒரு டிரைவிங் ஸ்கூல் வண்டி.

பட்டறை ரோட்டைவிடத் தாழ்வான இடத்தில் இருந்தது. உள்ளே வர ஒரு சரிவில் இறங்க வேண்டும், வெளியே போக அதே சரிவில் ஏற வேண்டும். அந்தப் பழைய வெள்ளைக் கார் கத்திக்கொண்டே சரிவில் இறங்கி, பிரேக் போட்ட பிறகும் முன்னால் போகத் துடித்துக்கொண்டு நின்றது. ஓட்டிவந்தவன் திருமூர்த்தி. கார் ஓட்டக் கற்றுத்தருகிறவன், ஊரே அவனை மாஸ்டர் என்று கூப்பிடும். பக்கத்தில் அவனிடம் கற்றுக்கொள்ளும் மைனாவதி இருந்தாள். முப்பது வயதிருக்கும், முகம் வாடியிருந்தது.

"கொஞ்ச நாளாவே இப்படித்தானுங்கக்கா" என்றான் திருமூர்த்தி. "கால எடுத்தாலும் ரேஸ் ஆகுது. நேத்து சந்தைல பூக்காரம்மா மேல பாயப் பாத்துச்சு. இதுல நாளைக்குக் காலைல இவங்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட் வேற. போன தடவையே ஃபெயிலு."

"மேட்டுல நின்னு போச்சுங்க" என்றாள் மைனாவதி மெல்ல. "எங்க ஊரு நர்சரி ஸ்கூல் வேன் ஓட்டற வேலைய எனக்குன்னு வச்சிருக்காங்க. இந்தத் தடவை லைசென்ஸ் வரலீன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

வேற ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பேச்சு சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது.

கோகிலவாணி காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். மூடியைத் திறந்து ஒரே ஒரு பார்வை பார்த்தாள். "பாருங்ணா" என்றாள்.

சென்னியப்பன் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். ஆக்சிலேட்டர் பெடல் கீழே கிடந்த ரப்பர் விரிப்பில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார். மாட்டவில்லை. கேபிள் இறுகியிருக்கிறதா என்று பார்த்தார். நல்ல தொய்வாக இருந்தது. கேபிளைக் கழற்றியே விட்டார், அப்போதும் இன்ஜின் கத்தியது. சோக் முழுசாகத் திறந்திருந்தது, அதிலும் கோளாறு இல்லை. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரல்களால் அமுக்கிப் பார்த்தார். இணைப்புகளில் இருக்கும் பேக்கிங் ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். எங்காவது காற்று இழுத்தால் சத்தம் மாறும். மாறவே இல்லை.

சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தார். அம்மணி பக்கத்தில் இல்லை. எதிர்ச்சாரியில், டீக்கடை பெஞ்சில், அதே முதுகு.

அவ்வளவுதான். கையிலிருந்த துணியை வீசிவிட்டு, முழங்கால் வலியைக்கூடப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டிப் போனார். அவள் பக்கத்தில் தம்ளர் நிறைய டீ இருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது. இவர் இருந்த கோபத்தில் அதையெல்லாம் கவனித்தும் கவனிக்கவில்லை.

"அம்மணி, நேராவே கேக்கறேன். அந்த வண்டிக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்ங்ணா."

"தெரிஞ்சுமா இங்க வந்து உக்காந்திருக்கீங்க? ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போகுது? அந்தப் புள்ள அங்க அழுகாத கொறையா நிக்குது."

கோகிலவாணி திரும்பாமலே கேட்டாள். "என்னென்ன பாத்தீங்க?"

அவர் பொரிந்து தள்ளினார். பெடல், கேபிள், சோக், குழாய், பேக்கிங்.

"எதைப் பாக்கலீங்க?"

"எல்லாந்தான் பாத்தாச்சு. அந்த ஸ்க்ரூ ஒண்ணுதான் பாக்கலே. நீங்கதான் தொடக்கூடாதுன்னீங்களே."

"ஆமாங்ணா. தொடக்கூடாதுன்னேன்."

சென்னியப்பன் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி நடந்தார். ரோட்டின் பாதியில், ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டுகிற இடத்தில், அவருக்குப் பொறி தட்டியது. தொடக்கூடாது என்றுதானே சொன்னாள்? பார்க்கக்கூடாது என்று எப்போது சொன்னாள்?

வந்து குனிந்து பார்த்தார். கார்புரேட்டர் முழுக்க எண்ணெயும் புழுதியும் அப்பிக் கறுத்துக் கிடந்தது. அந்த ஸ்க்ரூ தலை மட்டும் பளபளவென்று இருந்தது. அதன் பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவர் உராய்ந்த புதுக் கீறல்கள். ஒன்றிரண்டல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக நிறைய.

யாரோ கை வைத்திருக்கிறார்கள். அடிக்கடி வைத்திருக்கிறார்கள்.

"மாஸ்டர், இங்க வாங்க. இத யாரு திருப்பறது?"

திருமூர்த்தி எட்டிப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான். மறுபடி ஸ்க்ரூவைப் பார்த்தான்.

"நாந்தானுங்ணா. ஆனா அது கொஞ்சந்தான், ஒரு நூல் அளவு. அதுனால எல்லாம் இப்படி ஆகாதுங்க."

"எதுக்குத் திருப்புனீங்க?"

"பாவமுங்ணா. புதுசா ஓட்ட வர்றவங்க கிளட்ச்ச விட்டதும் வண்டி டொக்குனு நின்னுரும். நின்னா பயந்துக்குவாங்க. பின்னால நிக்கறவன் ஹாரன் அடிப்பான், இவங்க அழுதுருவாங்க. என்னால பாக்க முடியாது. ஒரு நூல் ஏத்தி வச்சா, கிளட்ச்ச விட்டாலே வண்டி தானாப் போகும். அவங்க மொகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க."

"ஒரு நூல்தானா?"

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு நூல்தானுங்க." சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. அந்த ஸ்கூலில் எத்தனை பேர் கற்றுக்கொண்டு போயிருப்பார்கள் என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

பக்கத்தில் நின்ற மைனாவதி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நான் ஆக்சிலேட்டர மிதிச்சு வண்டிய எடுத்ததே இல்லீங்களா மாஸ்டர்?" என்றாள். "வண்டியாத்தான் போயிட்டிருந்துச்சா? அதனாலதான் மேட்டுல நின்னுச்சா?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தான். நல்ல மனசுக்காரன்தான் பாவம். அவனைத் திட்டவும் வாய் வரவில்லை.

கோளாறு என்னவென்று தெரிந்தாகிவிட்டது, இனித் தொடலாம். சென்னியப்பன் கேபிளை மாட்டிவிட்டு, ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் ஏறும்வரை பஸ் நின்றபடி முனகுமே, அந்தச் சத்தத்தைத் தேடினார். கத்தல் அடங்கியது, சீற்றம் அடங்கியது, கடைசியில் சீரான முனகல் ஒன்று வந்து நிலைத்தது. இதுதான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது கோகிலவாணி எதிரே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்களே வெளிய எடுங்க" என்றாள் மைனாவதியிடம்.

மைனாவதி சீட்டில் உட்கார்ந்தாள். கியரைப் போட்டாள், கிளட்ச்சை விட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மறுபடி குலுக்கல். சமதரையிலேயே இந்த லட்சணம் என்றால் சரிவில் ஏறுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்னொரு முறையும் நின்றதும் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"எனக்கு ஓட்டவே தெரியாதுங்க. வேலை போச்சுங்க."

திருமூர்த்தி தவித்துப்போனான். "அண்ணா, ஒரு நூல் மட்டும் ஏத்தி வச்சுக் குடுங்கண்ணா. நாளைக்கு ஒரு நாளைக்குத்தான். டெஸ்ட் முடிஞ்சதும் நானே கொண்டாந்து எறக்கிக்கறேன்."

சென்னியப்பனுக்கும் நெஞ்சு இளகிவிட்டது. ஒரு நூல்தானே? அந்தப் பிள்ளை அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. கை தானாக ஸ்க்ரூடிரைவரோடு கார்புரேட்டரை நோக்கிப் போனது.

கோகிலவாணி குறுக்கே கையை நீட்டினாள். அவர் ஒன்றும் புரியாமல் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தார். அவள் அதைக் காக்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, சரிவில் ஏறி, ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போய்விட்டாள்.

இதற்கு என்ன சொல்ல? சென்னியப்பன் காரைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த தலையைப் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு, ஸ்டார்ட் பண்ணு."

"நின்னுருங்க."

"நிக்கட்டும். காலப் பாக்காத, சத்தத்தக் கேளு. கிளட்ச்ச விடறப்ப எங்க சத்தம் கம்மி ஆகுதுன்னு மட்டும் எனக்குச் சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளட்ச்சை விட்டாள். நின்றது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க. மூச்சு வாங்கற மாதிரி ஆச்சு."

"அதுதான். அந்த எடத்துல அதுக்கு உன்ர கால் வேணும். இத்தன நாள் அது கேட்டதே உனக்குத் தெரியாமப் போச்சு. மறுக்கா விடு."

மறுபடி நின்றது. அடுத்த முறை கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது, அவள் பயந்து பிரேக்கை மிதித்தாள். சென்னியப்பனின் வலது கால் செருப்போடு தரையை அழுத்திக்கொண்டிருந்தது. முழங்கால் விண்ணென்று தெறித்தது. பேசாமல் ஓடிப்போய் அந்த ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டால் என்ன என்று மனசு அடித்துக்கொண்டது. வாயில் வந்த யோசனைகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு தடவை சத்தம் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே கொஞ்சமாக ஏறியது. கார் குலுங்காமல், அவசரப்படாமல் நகர்ந்தது.

"போகுதுங்க!" என்று கத்தினாள் மைனாவதி.

"போகட்டும், சத்தத்த விட்டுராத!"

கார் சரிவில் ஏறியது. பாதியில் அவளே நிறுத்தினாள். வேண்டுமென்றுதான் நிறுத்தினாள் என்று சென்னியப்பனுக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். திருமூர்த்தி வாயில் கையை வைத்துக்கொண்டான். இன்ஜின் மூச்சு வாங்கியது, அவள் கால் கொடுத்தாள், பிரேக்கை விட்டாள், கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் வராமல் மேலேறி ரோட்டுக்குப் போய்விட்டது.

சென்னியப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் வாழ்நாளில் எத்தனையோ பஸ்களுக்கு ரைட் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு ரைட் சொல்லத் தோன்றியதே இல்லை. "ரை...ட்!" என்று ரோடு அதிரக் கத்தினார்.

அப்போது போன் அடித்தது. மச்சினன்.

"என்ன மாமா முடிவு பண்ணுனீங்க?"

"வணக்கம் சொல்ல வேற ஆளப் பாரு மாப்ள. நான் வரல."

"ஏன் மாமா? அங்க அப்படி என்னத்தக் கண்டுட்டீங்க?"

"இப்பத்தான் கண்ணுல படுது" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மைனாவதி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள், நாளைக்கு ஆபீசர் எந்த மேட்டில் நிறுத்தச் சொன்னாலும் சரி என்கிற முகத்தோடு. திருமூர்த்தி சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தான். அவன் பின்னாலேயே கோகிலவாணியும் ரோட்டைத் தாண்டி வந்தாள். அவள் முகத்திலும் சிரிப்பு இருந்தது. திருமூர்த்தி நீட்டிய தம்ளரை மட்டும் வாங்கவில்லை.

"எனக்கு வேண்டாம்ங்க. டீ எனக்கு ஆகாது. குடிச்சா நெஞ்சு எரியும்."

சென்னியப்பன் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். பெஞ்சில் ஆடை படிந்து கிடந்த டீ நினைவுக்கு வந்தது. அந்த முதுகும் நினைவுக்கு வந்தது.

"அப்புறம் எதுக்குங்க அம்மணி," என்றார், "நான் தடுமார்றப்பல்லாம் அங்க போயி உக்காந்துக்கறீங்க?"

கோகிலவாணி சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். துணியில் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பக்கத்துல நின்னா, நானும் ஒரு நூல் ஏத்தி வச்சுருவேனுங்ணா."